முந்நூற்றுப் பன்னிரண்டு கமென்ட்டுகள்

அந்த அலுவலகத்தில் நாலு புரோகிராமர்கள், நாலு விதமாகக் கோடிங் எழுதுவார்கள். ஒருவர் சொல்லுக்குச் சொல் தாராளமாக இடம் விடுவார். இன்னொருவர் பஸ்ஸில் சீட்டு பிடிப்பதுபோல நெருக்கி அடிப்பார். தினம் ஒரு பஞ்சாயத்து. காது புளித்துப்போன மேனேஜர், "எல்லாத்தையும் ஒரே மாதிரி அடுக்குற டூல் ஒண்ணு செஞ்சு தொலைங்க" என்றார்.

வேலை நால்வரில் ஒருத்தியான கமா அக்காவின் தலையில் விழுந்தது. ஒரே ஒரு கமாவுக்காக ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டு வாங்கிய பட்டம் அது.

பக்கத்து மேஜை மொட்டை சுலபமான வழி சொன்னான். "வரி வரியாப் படிச்சு, இடம் இல்லாத இடத்துல இடம் விட்டா முடிஞ்சுது அக்கா. ரெண்டே நாள்."

ஓட்டிப் பார்த்தார்கள். கோடிங்குக்கு நடுவே இருந்த, வாடிக்கையாளருக்குப் போகும் கடிதத்துக்குள்ளும் டூல் புகுந்து, இணைய முகவரியைத் துண்டு துண்டாக நறுக்கியிருந்தது.

"எது கோடிங், எது வெறும் எழுத்துன்னு இதுக்குத் தெரியலடா. கண்ணைக் கட்டிக்கிட்டு முடி வெட்டுற மாதிரி இருக்கு."

"என்கிட்ட முடியைப் பத்திப் பேசாதீங்க" என்றான் மொட்டை.

அக்கா பெரிய வழிக்குப் போனாள். டூல் முதலில் கோடிங்கின் பொருளைப் புரிந்துகொள்ளும், பழைய அடுக்கை மறந்துவிடும், புரிந்ததை வைத்துப் புதிதாக எழுதும். இரண்டு வாரம் முக்கி முனகி முடித்து, திங்கட்கிழமை காலை ஓட்டினாள். இஸ்திரி போட்டதுபோல வந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனாள்.

திரும்பி வந்தால் மேனேஜர் அறையிலிருந்து அழைப்பு.

புரோகிராமர்கள் கோடிங்கின் நடுநடுவே தங்களுக்குள் எழுதி வைக்கும் குறிப்புகளான கமென்ட்டுகள் கம்ப்யூட்டருக்கு ஒரு பொருட்டே இல்லை. டூல் முந்நூற்றுப் பன்னிரண்டையும் உதிர்த்துவிட்டது. உதிர்ந்தவற்றின் பட்டியல் தானாகவே மேனேஜருக்கு இமெயிலில் போயிருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"'தொடாதே. ஏன் ஓடுகிறது என்று எனக்கே தெரியாது.' சரி. 'இது மேனேஜரின் யோசனை. பாவமும் அவருக்கே.' இது யாரு?"

"நான்தான் சார்." பொய் சொல்லிப் பயனில்லை, பக்கத்திலேயே பெயர் இருந்தது.

"நாலாவது பக்கத்துல பூசணிக்காய்னு இருக்கே, அதுவும் நானா?"

"அதை எழுதினது மொட்டை சார். ஆனா நீங்கதான்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எதைத் தொடக்கூடாதுங்கிறதே இதுலதான் இருக்கு. ஒண்ணு விடாம திரும்ப வரணும். பூசணிக்காய் உட்பட."

அக்கா மூன்றாவது வழி பிடித்தாள். கோடிங்கைச் சொல் சொல்லாகப் பிரித்து, ஒவ்வொரு கமென்ட்டையும் அடுத்த சொல்லின் முதுகில் கட்டி, நடுவிலுள்ள இடைவெளியை மட்டும் மாற்றினாள். இன்னும் மூன்று வாரம் பிடித்தது. ஒரு கமென்ட்டும் உதிரவில்லை. ஒருத்தரும் பாராட்டவில்லை. ஒரு வரிக்கு எண்பது எழுத்தா, நூறா என்று அதற்குள் அடுத்த பஞ்சாயத்து கூடியிருந்தது. அக்கா யாரையும் கேட்காமல் தொண்ணூறு என்று போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.