எபி வீட்டுக்கு வந்த ஜெபக் குழு

"கேட்டைத் திறடி ஹெப்சி! தெருவே பாக்குது."

"பாக்கட்டும் அண்ணி. நல்லா பாக்கட்டும். திறக்க மாட்டேன்."

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெரு முழுக்க அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்க்கத்தான் செய்தது. காய்ந்த துணியை எடுக்க நானும் மாடிக்குப் போயிருந்தேன். துணி இன்னும் காயவில்லை என்பது வேறு விஷயம்.

வெளியே நின்று கத்தியவள் தபீதாள். பம்மல்காரி. எங்கள் கீழ்வீட்டு ஜோனத்தானின் அக்கா. அவள் முதுகுக்குப் பின்னால் ஷேர் ஆட்டோவில் வந்திறங்கிய அவளுடைய சபைப் பெண்கள், வெள்ளைப் புடவையும் கையில் எண்ணெய்ப் புட்டியுமாக. கேட்டுக்கு உள்ளே பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஜோனத்தானின் மனைவி ஹெப்சி. சண்டைக்குக் காரணமானவன் உள்ளறையில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் மகன் எபி, ஐந்து வயது, ரத்தப் புற்றுநோய்.

ஊசி மருந்து ஏறிய பிறகு சில நாட்களுக்கு அந்தப் பிள்ளையின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி என்று ஒன்றுமே இருக்காது. யாரோ ஒருவரின் சாதாரணச் சளி போதும், மறுபடி ஆஸ்பத்திரிதான். இதைத் தெருவில் எல்லோருக்கும் ஹெப்சி சொல்லி வைத்திருந்தாள். நான் கொண்டுபோன பாயசத்தையே வாசலோடு வாங்கிக்கொண்டு அனுப்பியவள் அவள். எனக்கு அப்போது கொஞ்சம் சுருக்கென்றது, போகட்டும்.

தபீதாள் கணக்கில் தலையில் கை வைக்காத ஜெபம் ஜெபமே இல்லை. எல்லோரும் எண்ணெய் பூசி, கை வைத்து, கன்னத்தில் முத்தமும் கொடுத்தாக வேண்டும். முந்தைய மருந்து முடிந்து வந்தபோது அப்படித்தான் செய்தார்கள். அந்த வாரமே காய்ச்சல், தனி அறை, அடுத்த மருந்தும் தள்ளிப்போனது. பிள்ளை தேறி வீடு வந்ததும் தபீதாள் சபையில் எழுந்து, எங்கள் ஜெபத்தால்தான் பிழைத்தான் என்று மைக்கில் சாட்சி சொன்னாளாம். ஹெப்சிக்குக் காய்ச்சலைவிட அந்தச் சாட்சிதான் எரிந்தது.

"ஜெபத்தைத் தடுக்கிறியே, நீயெல்லாம் ஒரு விசுவாசியா?"

"உங்க வீட்லயே உக்காந்து ஜெபம் பண்ணுங்களேன் அண்ணி. பம்மல்ல ஆண்டவருக்கு சிக்னல் கிடைக்காதா?"

எதிர்வீட்டில் யாரோ சிரித்துவிட்டார்கள். தபீதாளின் முகம் சிவந்துவிட்டது.

"இந்த வாய்க்குத்தான்டி கர்த்தர் உன் பிள்ளையை..."

முழுசாகச் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. சிரித்தவர்கள்கூட உள்ளே போய்விட்டார்கள்.

அப்போதுதான் ஜோனத்தான் வெளியே வந்தான். அக்கா சொன்னால் உட்காருவான், மனைவி சொன்னால் எழுந்திருப்பான், பாதி நாள் நடுவிலேயே நிற்பான்.

"சாவியக் குடு ஹெப்சி. அஞ்சு நிமிஷம். ஒவ்வொருத்தரா..."

"நீங்கதான் வரச் சொன்னீங்களா?"

அவன் செருப்பைப் பார்த்தான். ஹெப்சி சாவியை அவன் உள்ளங்கையில் அறைந்தாள்.

"இந்தாங்க, திறங்க. காய்ச்சல் வந்தா நீங்க தூக்கிட்டு ஓடுங்க. நரம்பு கிடைக்காம குத்துவாங்க இல்ல, அப்ப அவன் காலை நீங்க அழுத்திப் பிடிங்க. போன தடவை வராண்டாவுக்கு ஓடிட்டீங்களே!"

அவன் பூட்டில் சாவியைப் போட்டான். பின்வரிசையில் ரோஸி என்றொரு அம்மாள் முந்தானையை வாயில் வைத்து இருமினாள். நிறுத்த முடியாமல் மறுபடியும் இருமினாள்.

"தூசி பிரதர். வெறும் தூசிதான்."

ஜோனத்தான் அவளைப் பார்த்தான். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டான்.

"அக்கா, கிளம்பு."

"என்னடா சொல்ற?"

"கிளம்புன்னேன்! நீ மைக்கில சாட்சி சொல்றதுக்கு என் பிள்ளை சாகக் கிடக்கணுமா?"

இத்தனை வருஷத்தில் அவன் குரல் மாடிவரை வந்ததே இல்லை.

"அம்மா போனப்புறம் உனக்குச் சோறு போட்டவடா நான்!"

"போட்ட. அதுக்கு என்னை வேணா நாலு அடி அடி. அவனைத் தொடாதே."

வந்ததற்கு ஏதாவது செய்யாமல் போகும் ஆளா தபீதாள்? கேட்டுக் கம்பியில் எண்ணெயைப் பூசிவிட்டு நடுரோட்டிலேயே கைகளை உயர்த்திவிட்டாள். "இந்தக் கல் நெஞ்சை உருக்கும் ஆண்டவரே!"

ஆட்டோக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "யக்கா, இன்னா ரோட்ல நின்னுகினு? ஏர்றியா இல்லியா? எனக்கு சவாரி கீது!"

"ஆமென்!" என்று உள்ளிருந்து ஹெப்சி கத்தினாள். "ஏறுங்க!"

ஏறினார்கள்.

ரோஸிக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்ததில் ஒன்றுமில்லையாம், வெறும் அலர்ஜியாம். தபீதாள் பம்மல் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்தச் செய்தி ஹெப்சியின் காதுக்கும் போயிற்று. கொண்டுபோனது யார் என்று கேட்காதீர்கள்.

"அலர்ஜியா? சந்தோஷம். மறுபடி வந்தாலும் திறக்க மாட்டேன்" என்றாள் ஹெப்சி. எபிக்கு அடுத்த மருந்து தள்ளிப்போகாமல் ஏறியது.

ஜனவரியில் தபீதாளின் மகள் ஏஞ்சலுக்குக் கல்யாணம். அழைப்பிதழ் ஜோனத்தானுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் வந்தது. அவன் வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கினான். கல்யாணத்தன்று அதைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனான்.

எபியின் சிகிச்சை முடிந்ததும் மூவரும் வண்டலூர்ப் பக்கம் குடிபோய்விட்டார்கள். பிள்ளை அங்கே பள்ளிக்கூடம் போகிறானாம், தலை நிறைய முடியாம். தபீதாள் மகளோடு ஓசூர் போய்விட்டாள். போகிறேன் என்று தம்பிக்குச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.