பத்துக்கு ஒன்பது

என் மகள் வினிதா பரீட்சையில் பத்துக்கு ஒன்பது வாங்கியிருக்கிறாள் என்று தலைமையாசிரியை ராஜலட்சுமி டீச்சர் போனில் சொன்னபோது, யாருடைய மார்க்கைச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். வினிதாவுக்குப் பன்னிரண்டு வயது. மூளை வளர்ச்சி குறைவு என்று கைக்குழந்தையாக இருக்கும்போதே டாக்டர் சொல்லிவிட்டார். பிஸ்கட் வாங்க அனுப்பினால் கையில் இருக்கிற பணத்தை எல்லாம் கடைக்காரரிடம் திணித்துவிட்டு வருகிறவள். அவள் ஒன்பது வாங்கினாளாம்! யாருக்குக் காது குத்துகிறார்கள்?

என் வீட்டுக்காரர் கருப்பசாமி ஸ்வீட் பாக்ஸோடு வந்து நின்றார். பிள்ளை மார்க் வாங்கினால்கூட உனக்குப் பொறுக்காதா என்று கேட்டார். நான் ஓசூரில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். ஒரு லாட்டில் ஒரு ரிஜெக்ட்கூட வரவில்லை என்றால் நாங்கள் பீஸை மெச்ச மாட்டோம், அளக்கிற கேஜைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். அதை அவரிடம் சொன்னேன். எம்மவ என்ன நட்டா போல்ட்டா என்று முறைத்துக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே டீச்சரிடமிருந்து அடுத்த போன். குரலில் தேன் சொட்டியது. வினிதா நன்றாகத் தேறிவிட்டாளாம். அதனால் அடுத்த மாதத்திலிருந்து சிறப்பு வகுப்பு வேண்டாமாம், ஏழாவது பிள்ளைகளோடு முழு நாளும் உட்காரலாமாம். ஓகோ, இதற்குத்தானா இந்தப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சிறப்பு வகுப்பை ஜெயமணி மிஸ் நடத்துகிறார். சட்டைப் பட்டனைப் போட அங்கேதான் என் பிள்ளை கற்றாள். ஒண்ணுக்கு வந்தால் வாய் திறந்து சொல்ல அங்கேதான் கற்றாள். அதற்கு முன்னால் பெரிய வகுப்பில் கடைசி பெஞ்சில் கிடந்த காலத்தில் பாவாடையை நனைத்துக்கொண்டு, பையன்கள் சிரித்ததையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வருவாள். அந்தப் பெஞ்சுக்கு அவளைத் திரும்ப அனுப்ப நான் தயாராக இல்லை.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்ததும் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் வரிசைக்கு நாலு வட்டமாகப் பத்து வரிசை போட்டேன். பரீட்சையிலும் அப்படித்தான், சரியான வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். நான் கேள்வி எதுவும் எழுதவில்லை. பென்சிலை மட்டும் கையில் கொடுத்தேன். வினிதா நாக்கைக் கடித்துக்கொண்டு மளமளவென்று பத்தையும் நிரப்பிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். இன்னொரு தாள் போட்டுக் கொடுத்தேன். வரிசைக்கு வரிசை முன்பு கறுப்பாக்கிய அதே வட்டங்கள். சினிமாப் பாட்டு ஸ்டெப்பை ஒருமுறை பார்த்தால் மறக்காத பிள்ளை அவள். அதைத் தெரிந்தவர்கள்தான் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். ஜெயமணி மிஸ் என்றாள்.

ராஜலட்சுமி டீச்சரைத்தான் நான் சந்தேகப்பட்டிருந்தேன். ஜெயமணி மிஸ் பேர் வரும் என்று நினைக்கவே இல்லை.

பர்மிஷன் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் போனேன். ஜெயமணி மிஸ் எதையும் மறுக்கவில்லை. சிறப்புப் பிள்ளைகளுக்கு எங்கள் ஒன்றியம் முழுக்க ஒரே தாள்தானாம். பட்டன் போடுவதற்கெல்லாம் அதில் மார்க் கிடையாதாம். கேள்வித்தாள் முன்கூட்டியே வந்துவிட்டதாம், நன்றாக எழுத வையுங்கள் என்று மேலிடத்தில் இருந்து நெருக்கினார்களாம்.

"போன வருசம் மார்க்கே வரலைங்க. இந்தக் கிளாஸ் எதுக்குன்னு கேட்டாங்க. இப்ப மார்க் வந்துருச்சு, இனி இந்தக் கிளாஸ் எதுக்குன்னு கேக்கறாங்க. நான் என்னங்க பண்றது?"

கேட்க வந்ததையெல்லாம் விட்டுவிட்டுத் திரும்பினேன். இவரைக் காட்டிக் கொடுத்தால் இவர் வேலை போய்விடும். இவர் போனால் வகுப்பும் போய்விடும்.

வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து இதைப் பற்றி முடிவு செய்யச் சுரேந்தர் என்கிற அதிகாரி வந்த அன்று, வினிதாவைக் கையில் பிடித்துக்கொண்டு ராஜலட்சுமி டீச்சர் அறைக்குள் போனேன். ஜெயமணி மிஸ் சுவரோரமாக நின்றார். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையிலேயே, இவள் என்ன குண்டு வைக்கப் போகிறாளோ என்கிற பயம் தெரிந்தது. நான் யார்மேலும் பழி சொல்லவில்லை. என் மகள் அன்றைக்குக் குருட்டாம்போக்கில் வட்டம் போட்டுவிட்டாள், அவளுக்கு எழுத்தும் தெரியாது, எண்ணவும் தெரியாது, அந்த வகுப்பு இல்லாமல் அவளால் முடியாது என்று சொன்னேன்.

அந்த மனுஷர் என்னை நம்பவில்லை. நம்பாததும் நியாயம்தான். என் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று எந்த அம்மா இப்படி வந்து மல்லுக்கு நிற்பாள்? சலுகைக்காக நடிக்கிறேன் என்று நினைத்திருப்பார். சட்டைப் பையிலும் மேஜையிலும் இருந்த பேனாக்களை எடுத்து வினிதா முன்னால் வரிசையாக வைத்தார். நாலு பேனா. எத்தனை இருக்கிறது என்று கேட்டார்.

வினிதாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. முதல் பேனாவைத் தொட்டாள்.

"ஒண்ணு."

அடுத்ததைத் தொட்டாள். "ரெண்டு."

வீட்டில் ஒருநாளும் அவள் இப்படி எண்ணி நான் பார்த்ததில்லை. ஜெயமணி மிஸ் தலையை நிமிர்த்தினார். வினிதா மூன்றாவது பேனாவின் மேல் விரலை வைத்தாள். நாலாவதையும் சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு என்று ஒரு பக்கம் பதறியது. என் தங்கம், சொல்லிவிடடி என்று இன்னொரு பக்கம் கிடந்து அடித்துக்கொண்டது.

"மூணு."

அவள் விரலைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியாதுன்னு சொல்லு தாயி."

அவள் என்னைப் பார்த்தாள். புரியவில்லை. பேனாவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். நான் இன்னொரு தரம் சொன்னேன்.

"தெரியாது" என்றாள்.

நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். சுரேந்தர் சார் பெருமூச்சு விட்டுத் தன் பேனாக்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். இன்னும் ஒரு வருஷம் அந்த வகுப்பிலேயே இருக்கட்டும் என்று ராஜலட்சுமி டீச்சரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஜெயமணி மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் ஒரு பாரம் இறங்கியது, பொய் சொல்வானேன்.

மறுநாள் நானே வினிதாவை வகுப்பில் விடப் போனேன். அங்கே தினமும் வகுப்பு தொடங்கும்போது பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் பேரைச் சொல்ல வேண்டும். மற்ற பிள்ளைகள் சொல்லி முடித்தார்கள். ஜெயமணி மிஸ் வினிதா பக்கம் திரும்பினார்.

"உம் பேரு என்ன கண்ணு?"

வினிதா எழுந்தாள். வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியாது மிஸ்" என்றாள். சரியாகச் சொன்னேனா என்பதுபோல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.