ஊசி போட்ட இடம்

நோயாளிகளிடமிருந்து வெட்டியெடுத்த தோலைச் சோதிக்கும் அந்த அறையில் எவரும் எழுதிவைக்காத, எவரும் மீறாத விதி ஒன்று இருந்தது: கண்ணாடித் துண்டில் இருப்பது யாருடைய தோல் என்று கேட்கக் கூடாது, தெரிந்தாலும் சொல்லக் கூடாது. நோயாளியின் முகம் நினைவுக்குள் நுழைந்தால் பார்க்கும் கண் கோணிவிடும் என்பது பெரிய டாக்டரம்மாவின் எண்ணம். ஆகவே, பலர் ஒருசேரக் குனிந்து பார்க்கும் அந்த நுண்ணோக்கியின் கீழ் மனிதர்கள் வெறும் எண்களாகவே வந்துபோயினர்.

இப்போது வந்திருந்த எண், சிட்டுவின் இடது தோள்.

பயிற்சி மருத்துவர்களில் இளையவளான அவளுக்குத் தடுப்பூசி போட்ட இடத்தில் கடலை அளவில் ஒரு கட்டி எழும்பி, மாதக்கணக்கில் அரித்துக்கொண்டிருந்தது. அதை வெட்டியெடுத்த மருத்துவரிடம், “ஊசி போட்டதைச் சோதனைச் சீட்டுல எழுதாதீங்க, கலப்படமில்லாத தீர்ப்பு வேணும்” என்று கெஞ்சியவளும் அவளே. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது இப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் சிரிப்பு வந்தது. பயம் வந்தாலே சிரிப்புப் பொங்குவது அவளது பிறவிக் கோளாறு.

“லிம்போமாங்க மேடம்,” என்றான் எதிரில் இருந்த மூத்தவன். எதிலும் முந்துவதால் முந்திரிக்கொட்டை என்று பெயர் பெற்றவன். “நிணநீர் அணு ஒரே கூட்டமா கிடக்கு. புற்றுதான்.”

கிளுக்கென்று ஓர் ஒலி சிட்டுவின் தொண்டையிலிருந்து தப்பியது.

“என்னம்மா சிரிப்பு?” என்றான் மூத்தவன்.

“விக்கல்ண்ணே.”

மறுபடி குனிந்தாள். நீலக் கூட்டங்களுக்கு நடுவே, ஊதா மாவைத் தின்று வயிறு புடைத்தவைபோல் சில பெரிய அணுக்கள். தடுப்பூசியில் கலந்த அலுமினிய உப்பை விழுங்கியவை அப்படித்தான் தோன்றும். ராட்டினத்தின் உச்சியில் உட்கார்ந்ததுபோல் அவளுக்கு உள்ளம் எகிறியது.

“மேடம், அந்த ஊதாத் துகளைப் பாருங்க. அலுமினியம் மாதிரி இருக்கு.”

“சாயம் ஏத்தினப்போ ஒட்டின பொடிம்மா அது,” என்றான் முந்திரிக்கொட்டை. “ பாத்திரக்கடை ஏதும் வெச்சிருக்கியா?”

“சும்மா இருங்கப்பா,” என்றார் டாக்டரம்மா. “துகள் எனக்கும் தெரியுது. ஊசி போட்ட இடம்னா இது வெறும் எதிர்வினைதான், ஒரே வரியில முடிச்சிடுவேன். அது தெரியாம புற்று இல்லேன்னு எழுத எனக்குத் தைரியம் இல்ல. சந்தேகம்னே போடறேன். மேல எல்லாப் பரிசோதனையும் பண்ணட்டும்.” பேனாவின் மூடியைக் கழற்றினார்.

சந்தேகம் என்ற அந்த ஒரு சொல் வீட்டுப் படியேறினால் அம்மா படுத்த படுக்கையாகிவிடுவாள். அப்பா சோறு தண்ணீர் இல்லாமல் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைவார். சிட்டு எழுந்தாள். வெள்ளை அங்கியைக் கழற்றிவிட்டுச் சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டினாள். தையல் பிரித்த தழும்பு இன்னும் சிவந்திருந்தது.

“ஊசி போட்ட இடம்தான் மேடம்,” என்றாள், இனிச் சிரிப்பை அடக்க முயலாமலே. “தோளும் என்னுது, தோலும் என்னுது.”