இரண்டு ஹாரனுக்கு நடுவில்

அமுதவள்ளி பாடுகிற இடத்தில் மேசைக்கு மேசை டிஷ்யூ பெட்டி இருக்கும். பூச்சாடி மறந்துபோகலாம், டிஷ்யூ மறக்காது. கிள்ளானில் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்த வெளியீட்டு விருந்திலும், யாரும் சொல்லாமலே மண்டபக்காரர்கள் அதை வைத்துவிட்டார்கள். பழக்க தோஷம்.

அவர்கள் மேல் குற்றம் இல்லை. 'நனைந்த தலையணை' ஆல்பம் வந்ததிலிருந்து காதல் தோற்றவன், வேலை போனவன், பூனை செத்தவன் எல்லாரும் அவள் குரலைப் போட்டுக்கொண்டுதான் அழுதார்கள். அடுத்து வந்த இரண்டு ஆல்பத்திலும் அதே ஈரம்தான். சுபாங் ஜெயாவில் ஒரு பல் மருத்துவர் தன் கிளினிக்கில் அவள் பாட்டைப் போடுவதையே நிறுத்திவிட்டாராம். ஊசியை எடுப்பதற்கு முன்பே எல்லாரும் அழுதுவிடுகிறார்களாம்.

உள்ளபடிக்கு அமுதவள்ளி அழுகிறவளே இல்லை. நிச்சயித்த கல்யாணம் நின்றுபோன அன்றுகூட அவள் கண் கலங்கியது வெங்காயத்தால்தான். அவளுக்குள் ஒரு குறும்புக்காரி சின்ன வயதிலிருந்தே காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பதை நெருங்கும்வரை அவள் கைக்கு மைக் வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது வந்திருந்தது. புது ஆல்பத்தின் பெயர் 'டபுள் பார்க்கிங்'. லிஃப்ட் கெட்டுப்போன அடுக்குமாடியில் சிலிண்டர், அதாவது கேஸ் தோம்பைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறுகிறவனைப் பற்றி ஒரு பாட்டு. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வெண்டைக்காயை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிற ஆன்டியைப் பற்றி ஒன்று. எதிலும் வயலின் கிடையாது.

"சபை தாங்காதுடி" என்றாள் உஷாராணி, மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டு. உஷாராணி அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவள். இப்போது அவளுடைய மேனேஜர். "ஜெஞ்சாரோமிலேர்ந்து ஆளுங்க வேன் புடிச்சு அழ வந்திருக்காங்க. நீ வெண்டைக்காயப் பத்திப் பாடப்போற."

"சிரிச்சிட்டுப் போகட்டும் லா."

"சரி, பந்தயம். முதல் மூணு பாட்டுக்குள்ள சபையில ஒரே ஒருத்தர் 'தலையணை'ன்னு கத்தினாக்கூட நீ அந்தப் பழைய பாட்டப் பாடணும். அடுத்த ஆல்பம் ராதாகிருஷ்ணன் கூட. அவரு மெட்டெல்லாம் போட்டு ரெடியா வச்சிருக்காரு. அத்தனையும் ஒப்பாரி."

"ஒருத்தரும் கத்தலைன்னா?"

"உன் இஷ்டத்துக்கு ஆடு. நான் வாயையே தொறக்கல."

அமுதவள்ளி அவள் உள்ளங்கையில் ஓங்கி அடித்தாள். திரைச்சீலையை லேசாக விலக்கிப் பார்த்தாள். முன்வரிசை மேசையில், கைகளைக் கட்டிக்கொண்டு, வெள்ளரித் துண்டை மட்டும் மென்றுகொண்டிருந்தார் ராதாகிருஷ்ணன்.

அவளுடைய அத்தனை கண்ணீருக்கும் மெட்டுப் போட்டவர் அவர். புது ஆல்பத்தைப் பற்றி அவரிடம் சொன்ன அன்று ஒற்றைக் கட்டையைத் தட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, "சிரிக்க வைக்கிறது ஈஸி, அமுதா. அது வளர்ச்சி இல்ல, லீவு" என்று சொல்லி கீபோர்டை மூடினார். அதோடு பேச்சு நின்றது. போன வருடம் புதுக் கார் வாங்கினார் என்றுகூட ஊரார் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அழைப்பு அனுப்பினாள், வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. வந்து உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்தால், வந்ததே தவறு என்று நிரூபிக்க வந்தவர்போல இருந்தது.

அவள் பயந்தது உஷாராணியின் பந்தயத்துக்கு அல்ல. அந்தக் கட்டிய கைகளுக்கு.

விருந்து ஆரம்பித்ததும் அறிவிப்பாளர் ராஜேஷ்குமார் மைக்கைத் தட்டினான். நம் விருந்துகளில் கடவுள் வாழ்த்துக்கு முன்பே கார் வாழ்த்துதான். "டபிள்யூ வி ஏ நாலு ஒண்ணு ஒண்ணு எட்டு, கறுப்பு வீரா காரு. தயவுசெஞ்சு வண்டிய எடுங்க. சமையல் லோரி உள்ள வர முடியல. வரலைன்னா பிரியாணியும் வராது." ஓர் அங்கிள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

முதல் பாட்டு. கேஸ் தோம்புக்காரன் ஒவ்வொரு மாடியாக ஏறினான். சபை மரியாதையாகப் பார்த்தது. ஜெஞ்சாரோம் புஷ்பவல்லி ஆன்டி முன்கூட்டியே ஒரு டிஷ்யூவை உருவி மடியில் வைத்துக்கொண்டு, அழுகை எந்த மாடியில் வரும் என்று காத்திருந்தாள். மேல் மாடிக்குப் போனதும் அவன் வேறு பிளாக்குக்கு வந்துவிட்டான் என்று தெரிந்தது. இரண்டு மேசைகளில் சிரித்தார்கள். புஷ்பவல்லி ஆன்டி டிஷ்யூவை மடித்து ஓரமாக வைத்தாள்.

இரண்டாவது பாட்டு. வெண்டைக்காய் ஒடிகிற சத்தத்துக்குக் குழந்தைகள் எழுந்து ஆடின. அது நல்ல சகுனம் என்று நினைத்த நேரத்தில், பின்வரிசையில் அம்பாங்கிலிருந்து வந்த ஒரு பருமனான ஆள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். வாயருகே இரண்டு கையையும் குவித்தார். "அக்கா! அந்தத் தல..."

"பி எல் கே ஆறு ஆறு ஒன்பது!" என்றான் ராஜேஷ்குமார், பக்கத்து மைக்கில். "சிவப்பு ஹைலக்ஸ்! ஆஸ்பத்திரிக்குப் போறவங்க வழிய மறிச்சிருக்கீங்க, பாஸ்!"

பருமனான ஆள் குவித்த கையோடு அப்படியே நின்றார். பிறகு சாவியைத் தேடிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். திரைச்சீலை ஓரத்தில் உஷாராணி தலையில் அடித்துக்கொண்டாள். கத்தியது பாதிதான், பாதி வார்த்தை பந்தயத்தில் செல்லாது.

இனி மூன்றாவது பாட்டு.

அது பிரிக்பீல்ட்ஸில், நடுப்பகலில் பிறந்தது. பூக்கடைகளுக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டு ஒரு வேலையாகப் போய் வந்தாள். திரும்பி வந்தால் அவள் காருக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கார். டபுள் பார்க்கிங் போடுகிறவர்களுக்கும் ஒரு தர்மம் உண்டு. கண்ணாடிக்கு அடியில் போன் நம்பரை எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். இந்த வண்டியில் நம்பர் இல்லை. ஒரு குட்டிப் பிள்ளையார் மட்டும், எனக்கென்ன தெரியும் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

ஹாரன் அடித்தாள். யாரும் வரவில்லை. மறுபடியும் அடித்தாள்.

"நல்லா அழுத்துங்கக்கா" என்றாள் பூக்கட்டுகிறவள். "குழந்தைய எழுப்புற மாதிரி அடிக்கிறீங்களே!"

கோபம் தீர்ந்து, சலிப்பும் தீர்ந்து, அதற்குப் பிறகு ஒரு வெறுமை வந்தது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு அடித்துவிட்டுக் கையை எடுத்தாள். அப்போதுதான் அதைக் கவனித்தாள். அடுத்த ஹாரன் எப்போது வரும் என்று தெரு முழுக்கக் காத்திருந்தது. பூக்கட்டுகிறவளின் விரல் நாரில் நின்றது. தேநீர்க்காரன் குவளையை உயரத்தில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தான். அவள் அடிக்கவில்லை. அந்தச் சும்மா இருந்த நேரத்தில்தான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய பாட்டுகளில் இப்படி ஒரு காலி இடமே இருந்ததில்லை. அவள் மூச்சு வாங்குகிற இடத்தில்கூட ராதாகிருஷ்ணன் ஒரு வயலினை நுழைத்திருப்பார்.

கண்ணுக்கு எதிரே இருந்த நம்பர் பிளேட் அந்தத் தாளத்தில் அழகாகப் போய் உட்கார்ந்தது. போனில் பாடிப் பதிய, சத்தம் குறைவான பக்கத்துச் சந்துக்குள் போனாள். வந்து பார்த்தால் வெள்ளைக் கார் இல்லை. என்ன அதிசயம், ஏமாற்றமாக இருந்தது.

ஸ்டுடியோவில் அந்தக் காலி இடத்தை நீளமாகத்தான் விட்டாள். கேட்டவர்கள் எல்லாம் நெளிந்தார்கள். "வானொலியே நின்னுபோச்சுன்னு நெனப்பாங்க" என்றாள் உஷாராணி. அமுதவள்ளி பயந்து பாதியாகக் குறைத்தாள். நம்பரை மட்டும் மாற்ற மாட்டேன் என்று சாதித்துவிட்டாள். யாரோ முகம் தெரியாத ஒருவர் மேல் அந்த அளவு பழி தீர்த்தால் பாவமில்லை.

மேடையில் விளக்கு மங்கியது. அமுதவள்ளி தொண்டையைக் கனைத்து, ராஜேஷ்குமாரின் அதே குரலில் ஆரம்பித்தாள்.

"பி ஜே கே... ஏழு மூணு ரெண்டு ரெண்டு. வெள்ளைக் காரு. தயவுசெஞ்சு வண்டிய எடுங்க."

டிரம்ஸ்காரன் ஹாரன் சத்தத்தை எழுப்பினான். நீளமாக ஒன்று. குட்டையாக இரண்டு. பிறகு அந்தக் காலி இடம்.

முன்வரிசையில் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன. ராதாகிருஷ்ணன் விருட்டென்று எழுந்தார். சட்டைப் பையைத் தட்டினார், சாவியை எடுத்தார், "சாரி, சாரி" என்று எல்லா மேசைக்கும் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, குனிந்தபடி நடுவழியில் வேகமாக நடந்தார்.

அமுதவள்ளிக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது பாட வாய் வரவில்லை. வாத்தியக்காரர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் கையை உயர்த்தி அவர்களை நிறுத்திவைத்தாள். காலி இடம் நீண்டது. ஸ்டுடியோவில் அவள் விட்டதைவிட, பிரிக்பீல்ட்ஸில் விட்டதைவிட நீளம். மண்டபம் முழுக்க அவருடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் கதவில் கை வைத்த அந்த நொடியில் அவள் பாடினாள்.

"அண்ணே, வண்டிய எடுங்கண்ணே...
சோறு ஆறினா ஆறட்டும்ணே,
என் மனசு ஆறலியேண்ணே!"

கதவுப் பிடியில் கை அப்படியே நின்றது. சபைக்கு இது அறிவிப்பு இல்லை, பாட்டு என்று புரிந்தது. அடுத்த கணம் சிரிப்பில் கூரை பறந்தது. புஷ்பவல்லி ஆன்டி மேசையை இரண்டு கையாலும் குத்தினாள். சிவப்பு ஹைலக்ஸ்காரர் அப்போதுதான் திரும்பி உள்ளே நுழைந்து, கதவருகே நின்றவரைக் கட்டிப் பிடித்து, "நமக்கும் இதே பொழப்புதான் பாஸ்" என்றார்.

ராதாகிருஷ்ணன் மெதுவாகத் திரும்பினார். சிரிப்பு அடங்கியது. அவர் வாயிலிருந்து என்ன வந்தாலும் இந்தச் சபை கேட்கும். 'தலையணை' என்று ஒரு சொல் போதும். பந்தயமும் போகும், அவளுக்குள் காலாட்டிக்கொண்டிருக்கிறவளும் போவாள். பாட்டு இன்னும் முடியவில்லை. உஷாராணி திரைச்சீலையை இறுகப் பிடித்திருந்தாள்.

அவர் சாவியைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். மீசைக்கு அடியில் ஏதோ அசைந்தது.

"நம்பர் என்னோடதுதான்" என்றார் உரக்க. "ஆனா வண்டி இன்னிக்கு ஒழுங்காத்தான் நிக்குது!"

"அப்ப வந்து உக்காருங்கண்ணே!" என்றாள் அமுதவள்ளி மைக்கில்.

வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை கையைக் கட்டவில்லை. பாட்டு முடிந்தது. யாரும் எதுவும் கத்தவில்லை. 'ஒன்ஸ் மோர்' என்று கத்தியதைத் தவிர.

பிரியாணி வந்த பிறகு அவள் தட்டோடு அவர் மேசைக்குப் போனாள்.

"அன்னிக்கு பிரிக்பீல்ட்ஸ்ல எங்கண்ணே போயிட்டீங்க?"

"எதுத்தாப்புல, வாழை இலைக் கடை. ரெண்டாம் தடவை சோறு போட்டுட்டாங்க."

"ஹாரன் கேக்கலியா?"

"கேட்டுச்சு. எந்தக் கழுதைன்னு எழுந்தேன்." கோழித்துண்டைத் திருப்பிப் போட்டார். "கழுதை திடீர்னு நிறுத்திருச்சு. அடுத்தது எப்ப விழும்னு பாத்தேன். விழவே இல்ல. அத கேக்கத்தான் மறுபடியும் உக்காந்தேன்."

"பொய்."

"ரசமும் நல்லா இருந்துச்சு."

அவர் முகத்தில் எது உண்மை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் கண்டுபிடிக்க முயலவும் இல்லை.

"அந்த இடத்துல நான் இருந்திருந்தா வயலின் வச்சிருப்பேன்" என்றார் தட்டைப் பார்த்தபடி.

"தெரியும்ணே."

"கெடுத்திருப்பேன்."

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. ரொம்ப நேரம் அப்படியே இருந்தார்கள். நன்றாக இருந்தது.

விருந்து கலையுமுன் புஷ்பவல்லி ஆன்டி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மற்றொரு கையில் பிளாஸ்டிக் பை நிறைய டிஷ்யூ பெட்டிகள். "யாரும் தொடலம்மா, வீணாப் போயிரும். அதான் பொங்குஸ் பண்ணி வீட்டுக்குக் கட்டிக்கிட்டேன். அடுத்த தடவையும் இதே மாதிரி பாடு. வீட்டுல இப்பதான் தீந்துச்சு."

உஷாராணி தோற்றவள்போல இல்லை. "நான் வாயையே தொறக்கல" என்றாள், ஐஸ்கிரீமைத் திணித்துக்கொண்டு.

வெளியே வெயில் கொளுத்தியது. அமுதவள்ளி தன் காரைத் தேடிப் போனாள். காருக்குக் குறுக்கே, இம்மி பிசகாமல், ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. பி ஜே கே ஏழு மூணு ரெண்டு ரெண்டு. கண்ணாடிக்கு அடியில் போன் நம்பர் இல்லை. குட்டிப் பிள்ளையார் இருந்தார்.

ராஜேஷ்குமாருக்குச் செய்தி அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அறிவிப்பு கேட்டது. "பி ஜே கே ஏழு மூணு ரெண்டு ரெண்டு! வெள்ளைக் காரு! நிஜமாத்தான் சொல்றேன் பாஸ், இது பாட்டு இல்ல!"

மண்டபம் மொத்தமும் திருப்பிப் பாடியது. "அண்ணே, வண்டிய எடுங்கண்ணே!" கைதட்டல். ஒருவரும் வரவில்லை.

அமுதவள்ளி காருக்குள் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கிவிட்டாள். நீளமாக ஒன்று அடித்தாள். குட்டையாக இரண்டு.

பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, மண்டபத்து வாசலைப் பார்த்தபடி, அடுத்ததை அடிக்காமல் இருந்தாள்.