முதல் ஆளா, ஒரே ஆளா

1

இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. தங்கைக்குப் பதினொரு மணிக்கு அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரி கவுண்டரில் கம்ப்யூட்டர் அவளுடைய கோப்பை எடுக்காமல், சிவப்பில் ஒரு வரியைக் காட்டி நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் இருபது பேர். எந்த அறிவாளி எழுதின ப்ரோகிராம் இது என்று கத்தினேன்.

எழுதியவர் என் அண்ணி. அதே கட்டடத்தில், இரண்டாம் மாடியில்தான் அவருக்கு வேலை. கோபத்தில் அது எனக்கு மறந்தே போயிற்று.

2

(முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘தகவல்களின் பெருங்கடலில் ஒரு துளியைத் தேடி’. அடித்துவிட்டேன். அண்ணி படித்தால் சிரிப்பார்.)

பெயரும் பிறந்த தேதியும் கொடுத்தால் ஒரு நோயாளியின் கோப்பு வர வேண்டும். அதற்கு இரண்டு கட்டளைகள் உண்டாம். ‘முதல் ஆளைக் கொடு’ என்றால், பொருந்துகிறவர்கள் பத்துப் பேர் இருந்தாலும் மேலே இருப்பவரை நீட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். ‘ஒரே ஆளைக் கொடு’ என்றால், யாரும் இல்லாவிட்டாலும் நிற்கும். இரண்டு பேர் இருந்தாலும் நிற்கும். பழைய ப்ரோகிராமில் ‘முதல்’ இருந்தது. போன மாதம் அண்ணி அதை ‘ஒரே’ என்று மாற்றினார்.*

* ஒரு சொல்லை மாற்ற நானும் ஒரு வாரம் உட்காருகிறவன்தான். ஆனால் என் சொல்லால் இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

3

ஆஸ்பத்திரி மேனேஜரை வில்லனாக்கப் பார்த்தேன். முறுக்கு மீசைகூட வைத்தேன், எடுபடவில்லை. நான் போட்ட சத்தத்தில்தான் பாவம் அவர் மாடிக்கு ஓடினார். தினமும் நாலு தடவை நிற்கிறது, பழையபடி மாற்றிவிடுங்கள் என்றார். அண்ணி குரலை உயர்த்தாமல் மறுத்தார்.

“சார், ரெண்டு பேர்ல ஒருத்தரை அது குத்துமதிப்பா எடுத்துக் குடுத்தா, தப்புன்னு நமக்குத் தெரியவே தெரியாது. நிக்கட்டும். நின்னாதான் யாராவது எழுந்து போய்ப் பாப்பாங்க.”

கீழே, கவுண்டரில் இருந்த நர்ஸ் எழுந்து போய்ப் பார்த்தார். தங்கையின் பெயரிலேயே, அதே தேதியில் பிறந்த இன்னொரு பெண் பட்டியலில் இருந்தாள். தங்கையிடம் முகவரியைக் கேட்டுச் சரியான கோப்பை எடுத்தார். ஒரு மருந்து அவளுக்கு ஆகவே ஆகாது என்று அதில் இருந்தது. மற்றவளின் கோப்பில் அப்படி எதுவும் இல்லை. அன்று போடவிருந்த ஊசி அதே மருந்து.

எந்த எழுத்தாளரைப் பார்த்தும் நான் பொறாமைப்பட்டதில்லை. அண்ணியின் அந்த ஒரு சொல்லைப் பார்த்துப் பட்டேன்.

4

பழைய சொல்லே இருந்திருந்தால்? எழுதிப் பார்த்தேன். ‘ஊசி போட்ட மூன்றாவது நிமிடம் தங்கையின் உதடு’

என்னால் முடியவில்லை.

5

தங்கை நலமாக வீடு திரும்பிய பிறகு அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டேன். கூடவே, கதைக்கு வேண்டும் என்று ஒரு கேள்வியும். அந்த இருவரில் மேலே இருந்தது யார்? தங்கை என்றால், பழைய ப்ரோகிராமும் அவளுடைய கோப்பைத்தான் கொடுத்திருக்கும். ஒன்றும் ஆகியிருக்காது.

அண்ணி திருப்பிக் கேட்டார்.

“யார் மேல இருந்தா என்ன தம்பி? கீழ ஒருத்தி இருப்பா. அவளுக்கும் ஒரு அண்ணன் இருப்பாரு.”

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. ஆகவே முடிவு உங்கள் கையில். இரண்டு பெண்கள், ஒரே பெயர், ஒரே பிறந்த நாள். ஒருத்தியை மேலே வையுங்கள். எனக்கு மனசு வரவில்லை.