பொறிவண்டுக்குக் கண்ணிமை

காலையில் பால் பாக்கெட்டை எடுத்தேன். காய்ச்சினேன். காபி குடித்தேன். டம்ளரைக் கழுவினேன். குடத்தோடு மாடிக்குப் போனேன்.

மாடியில் இருப்பது கோகிலவாணியின் அவரைக்கொடி. என் மனைவி. ஆடியில் விதைத்தாள், ஐப்பசியில் டெங்குவில் இறந்துபோனாள். மார்கழியில் கொடி காய்க்கிறது.

அன்று மாடியில் கூட்டம். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட், ‘நஞ்சில்லா மாடி’ போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தது. நடுவர் வரும் நாளில் கொடியின் நுனியெல்லாம் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி கறுப்பாக அப்பியிருந்தது.

“மருந்து கூடவே கூடாது. கையாலதான் எடுக்கணும்,” என்றார் செயலாளர் வேதாசலம்.

நாகலக்ஷ்மி மாமி புருவம் திருத்தும் இடுக்கியோடு வந்திருந்தார். அசுவினி பொடிசு, அவர் கண்ணில் படவில்லை. நடுவே ஊர்ந்த கறுப்பு, ஆரஞ்சுப் புழுக்களைப் பிடித்துச் சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டார்.

“மூஞ்சியப் பாரு, முதலைக் குட்டியாட்டம்.”

“அது பொறிவண்டோட குஞ்சு மாமி. அதுதான் அசுவினியைத் தின்னும்,” என்றேன்.

“போடா, பொறிவண்டு எவ்ளோ லட்சணமா இருக்கும்!”

ஆதாரமாக, போட்டிக்கென்று சுவரில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் பேனரைக் காட்டினார். ஆளுயரப் பொறிவண்டு. சிரிப்பு, கண்ணிமை எல்லாம் உண்டு. ‘நம் தோட்டத்தின் தோழன்.’ தோழனின் பிள்ளைகள் வாளியில் மிதந்தன.

ஃப்ளெக்ஸின் மறுபாதியை மூடியிருந்த துணியை வேதாசலம் விலக்கினார். கோகிலவாணியின் படம். அடியில்: ‘பூச்சிகளும் நம் பிள்ளைகளே. கோகிலவாணியின் கடைசி வார்த்தை.’

“அவ அப்படிச் சொல்லல சார்.”

“சொல்லியிருப்பாங்க. அவங்க டைப்பு அது.”

“டெங்குல போனவ. கொசுவும் பிள்ளையா?”

வேதாசலம் யோசித்தார். “கொசு இதுல வராது. இது அவரைப்பூச்சி.”

“எடுத்துடுங்க.”

“அடிச்சாச்சு சார். நடுவர் கண் கலங்கினா போதும், கப் நமக்குத்தான். நீங்க சும்மா நில்லுங்க.”

அவள் கடைசியாகச் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். ஃப்ளெக்ஸ் இருந்தால் பொங்கலுக்குள் எனக்கே இதுதான் ஞாபகம் இருக்கும்.

நடுவர் ஜெர்சன் வந்தார். செம்பாக்கத்தில் பூந்தொட்டி விற்பவர். வாளியை எட்டிப் பார்த்தார். “ஜீரோ கெமிக்கல்! சூப்பர் மேடம்.” மாமி இடுக்கியை உயர்த்திக் காட்டினார். போட்டோ எடுத்தார்கள்.

பிறகு ஃப்ளெக்ஸைப் படித்தார். கண் கலங்கினார். கைபேசியை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

“அண்ணா, அக்கா கடைசியா சொன்னத உங்க வாயாலயே சொல்லுங்க. லைவ்ல போவுது.”

வேதாசலம் உதட்டை அசைத்து எடுத்துக் கொடுத்தார். பூச்சிகளும். நம். பிள்ளைகளே.

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் போன அன்று இஞ்சி, பூண்டு, மிளகாய் அரைத்து இந்தக் கொடிக்கு அடித்துவிட்டுக் கீழே போனேன். காய்ச்சல் விட்டிருந்தது. தேறிவிட்டாள் என்று நினைத்தோம். நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்:

“கிட்ட வராதப்பா, பூண்டு நாறுது. போய்க் குளிச்சிட்டு வா.”