களைத்த கைக்கு ஒரு துவக்கு

மூன்று கைத்துப்பாக்கிகளையும் பச்சைத் துணியின் மேல் வரிசையாக வைத்துவிட்டு, கடைக்காரர் லோமான் கையைக் கட்டிக்கொண்டார். அவற்றைப் பார்த்ததும் சிவசக்திக்குக் கொட்டாவிதான் வந்தது.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் காலை வேலையை முடித்து, உடுப்பை மாற்றிக்கொண்டு நேரே இங்கே வந்திருந்தாள். அன்று இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. அவர்கள் கவனிக்க வேண்டிய முதியவர்களையும் இவளே தூக்கி, குளிப்பாட்டி, உட்கார வைத்தாள். மணிக்கட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன.

"இதுல யோசிக்க என்னக்கா இருக்கு? அந்த சில்வர் கலரைத் தூக்குங்க. சும்மா மின்னுது பாருங்க," என்றான் யோகேஷ்.

யோகேஷ் கோயம்புத்தூர்க்காரன், இங்கே ஒரு கம்பெனியில் இன்ஜினியர். சிவசக்தி சுடப் பழகும் விளையாட்டுக் கழகத்தில் அவனும் உறுப்பினன். துப்பாக்கி பற்றிய வீடியோ ஒன்று விடாமல் பார்த்தவன். சொந்தத் துப்பாக்கி இல்லாதவன்.

மூன்றுமே பழைய அமெரிக்கப் பட்டாளத்தின் 1911 வடிவம். நீண்ட இரும்பு உடல், பிடியில் மரத்தகடு. கழகத்தின் பொதுத் துப்பாக்கியும் இதே வடிவம்தான். அதில் பழகிய கைக்குப் புதுவகைப் பிளாஸ்டிக் உடல் துப்பாக்கிகள் பிடிபடவில்லை. ஆனால் அந்த ஒன்றுக்கு எப்போதும் வரிசை. முறை வரும்வரை பக்கத்து அறையில் மற்றவர்களின் அரட்டையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சொந்தமாக ஒன்று இருந்தால் வேலை முடிந்து நேரே போகலாம், சுடலாம், திரும்பலாம்.

லோமான் நிதானமாக விளக்கினார். வெள்ளிநிறம் புதியது, இழைத்து இழைத்துச் செய்தது, விலையும் அப்படி. நடுவில் இருப்பது துருக்கியில் செய்தது, புதியது, அதில் பாதி விலை. மூன்றாவது பழையது. ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவருடையது. அவர் இறந்த பிறகு மனைவி விற்கக் கொடுத்திருந்தார். மேற்பூச்சு தேய்ந்து விளிம்பெல்லாம் வெளுத்திருந்தது.

"மூன்றும் ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா போடுபவை. பழைய பெரிய ரவைதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். துப்பாக்கி ஒருமுறைச் செலவு, ரவை வாழ்நாள் செலவு," என்றார். பிறகு வழக்கமான கேள்வி: "வீட்டில் பெட்டகம் இருக்கிறதல்லவா? எண் உங்களுக்கு மட்டும்தானே தெரியும்?"

"ஆம்," என்றாள் சிவசக்தி.

பொய். பெட்டகம் இருந்தது. எண் அம்மாவுக்கும் தெரியும்.

அது தெரிந்தால் அவளுடைய அனுமதி பறிபோகும். ஒரு வருடம் கழகத்தில் பழகி, சட்டம் படித்து, பரீட்சை எழுதி வாங்கிய அனுமதி. அனுமதி இல்லாதவர் ஒருவர் துப்பாக்கியை எடுக்க வழியிருந்தாலே போதும், தாயானாலும் சரி, இனி உன்னை நம்பமாட்டோம் என்று ஆயுத அலுவலகம் கையை விரித்துவிடும். வாங்குவதற்கான கெடுவோ இந்த மாதத்தோடு முடிகிறது.

"சனிக்கிழமை வந்து சுட்டுப் பார்க்கிறேன். பிறகு முடிவு," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

"சில்வர்தானே அக்கா?"

"ஓம் யோகேஷ். சில்வர்தான். இப்ப என்னைப் படுக்க விடு."

வீட்டில் படுக்க முடியவில்லை. அம்மா மங்கையற்கரசி அறைகளுக்கு நடுவே உள்ள நடைபாதையில் பெட்டகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அட்டியல், காப்பு, பதக்கச் சங்கிலி எல்லாம் கிடந்தன.

பெட்டகம் வந்து மாதங்கள் ஆகியிருந்தன. அனுமதி கிடைக்கும்வரை வெறுமையாகத்தானே இருக்கும் என்று சிவசக்தி எண்ணைச் சொல்லிக் கொடுத்திருந்தாள். தமிழ் வீடுகளில் நகை இருக்கும் என்று கள்ளர்களுக்கும் தெரிந்துவிட்ட காலம். கீழ்த்தெரு றோசம்மா ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் அவள் வீட்டைத் துடைத்துவிட்டார்கள். அம்மா அன்றைக்கே தன் நகையைப் பெட்டகத்துக்குள் குடியேற்றிவிட்டாள்.

"அம்மா, உதெல்லாம் எடுக்கோணும். துவக்கு வரப்போகுது."

"துவக்கை உன்ரை அறைக்குள்ளை வையன்."

"ஏலாது. சட்டம்."

"அப்ப நகையை எங்கை வைக்கிறது? அரிசிப் பேணிக்குள்ளையோ?"

"பாங்கிலை வைப்பம்."

"நல்ல கதை. சனி ஞாயிறு பாங்க் பூட்டு. எங்கடை கல்யாணவீடு எப்ப? சனி ஞாயிறு. வெறுங்கழுத்தோடை போய் நிக்கட்டோ?"

சிவசக்தியும் சுவரில் சாய்ந்து நிலத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்டு மட்டும் சொல்லு, பிள்ளை," என்றாள் அம்மா. "ஷோனெஃபெல்ட் எயாப்போட்டிலை வந்து இறங்கேக்கை என்ரை கையிலை நீயும் ஒரு உடுப்புப் பையும். வேட்டுச் சத்தம் கேட்டது போதும், காணுமெண்டு ஓடி வந்த சனம் நாங்கள். உனக்கு ஏன் உந்தச் சனியன்?"

சிவசக்தி கண்ணை மூடியபடியே பேசினாள். "வேலையிலை நாள் முழுக்க மணி அடிக்கும். ஒராள் தண்ணி கேப்பார், ஒராள் கழுவச் சொல்லுவார். வீட்டை வந்தா போன். பிறகு நீங்கள். அங்கை போய்க் காதுக்கு மூடி போட்டா ஒருத்தரும் என்னைக் கூப்பிடமாட்டினம். ஒரு கடதாசி, அதிலை ஒரு கறுப்பு வட்டம். அதை மட்டும் பாத்தாக் காணும். கிழமையிலை ஒரு மணித்தியாலம், அம்மா. அவ்வளவுதான்."

அம்மா அட்டியலைத் துணியில் சுற்றினாள். "சனிக்கிழமை நானும் வாறன். என்னத்தை வாங்கிறாயெண்டு பாக்கவேணும்," என்றாள்.

லோமான் கடையின் நிலவறையில் சுடுவதற்குத் தனிக் கூடம் இருந்தது. காது மூடி அம்மாவின் கொண்டையில் மாட்டிக்கொண்டு சரியாக இறங்கவில்லை.

"ஆன்ட்டி, நான் ஹெல்ப் பண்ணட்டுங்களா?" என்றான் யோகேஷ்.

"நான் ஆருக்கும் ஆன்ட்டியில்லைத் தம்பி. மூடியைத் தள்ளிவிடும்."

சிவசக்தி அன்றும் காலை வேலையிலிருந்துதான் வந்திருந்தாள். வெள்ளிநிறத்தை எடுத்தாள். முதல் வெடி சரி. இரண்டாவதோடு துப்பாக்கி வாயைப் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. சுட்ட ரவையின் வெற்றுக் கோது இடையில் சிக்கியிருந்தது. எடுத்துவிட்டுச் சுட்டாள். மறுபடி சிக்கியது.

யோகேஷ் வாங்கிச் சுட்டான். ரவைக்கூடு காலியாகும்வரை ஒருமுறை கூட நிற்கவில்லை. "கன்ல ப்ராப்ளம் இல்லக்கா," என்றான் சங்கடத்துடன்.

"இல்லைதான்," என்றார் லோமான். "புதியது, இறுக்கமானது, உள்ளே இருக்கும் சுருள்வில்லும் கடினம். பிடிக்கும் கை அசையாமல் நிற்க வேண்டும். உங்கள் மணிக்கட்டு தளர்கிறது. நன்றாகத் தூங்கி எழுந்து வந்து சுட்டால் சரியாக ஓடும்."

"நான் எப்போதும் வேலை முடிந்துதான் வருவேன்."

"அப்படியென்றால் அந்தக் கைக்குத்தான் துப்பாக்கி தேட வேண்டும்."

துருக்கிக்காரன் கொஞ்சம் பரவாயில்லை. ஒரே ஒரு முறை சிக்கினான். லோமானும் ஒப்புக்கொண்டார்: சில நூறு ரவை சுட்ட பிறகு பழகிவிடும், மோசமான சாமான் அல்ல.

கடைசியாகப் பழையது. மேற்பகுதியைப் பின்னால் இழுத்தபோதே வித்தியாசம் தெரிந்தது. எத்தனையோ வருடம் ஒருவர் இழுத்து இழுத்து வழவழப்பாக்கியிருந்தார். ரயில்வேக்காரர் வயதான காலத்தில் மென்மையான சுருளாக மாற்றிப் போட்டிருந்தாராம். சிவசக்தி சுட்டாள். மணிக்கட்டு தளர்ந்தது, துப்பாக்கி அதைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த ரவைக்கூட்டையும் போட்டுச் சுட்டாள். கோதுகள் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் விழுந்துகொண்டே இருந்தன.

"இதுதான்," என்றாள்.

"கலர் போயிடுச்சேக்கா!"

"எனக்குந்தான் போயிட்டுது."

அம்மா மூடியைக் கழற்றினாள். "உது ஆரின்ரை?"

"செத்துப்போன ஒராளின்ரை."

"செத்த மனுசன்ரை துவக்கோ? வீட்டுக்குள்ளை விடமாட்டன்!"

"உங்கடை அட்டியல் ஆரின்ரை?"

"அது... மாமியின்ரை."

"மாமி இருக்கிறாவோ?"

அம்மா மூடியை மறுபடி காதில் மாட்டிக்கொண்டாள். யோகேஷ் சிரிப்பை அடக்க, சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைகளை மிகக் கவனமாக வாசித்தான்.

பழையதை வாங்கியதில், வெள்ளிநிறத்துக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் மிஞ்சியது. திரும்பும் வழியிலேயே சிவசக்தி சின்னதாக இன்னொரு பெட்டகம் வாங்கினாள். அதை நடைபாதையில் பெரியதற்குப் பக்கத்தில் சுவரோடு பூட்டிக் கொடுத்தவன் யோகேஷ். நகை சின்னதற்குள் போனது. அன்றே பெரியதன் எண்ணை மாற்றினாள்.

"புது நம்பர் என்ன?" என்று கேட்டாள் அம்மா.

"சொல்ல ஏலாது, அம்மா."

"எனக்கோ?"

"உங்களுக்கும்."

அம்மாவின் முகம் இருண்டது. இந்த வீட்டில் அவள் திறக்க முடியாத கதவு என்று இதுவரை எதுவும் இருந்ததில்லை. இரண்டு நாள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். பிறகு பேசினாள், ஆனால் பெட்டகத்தைக் கடக்கும்போதெல்லாம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இலையுதிர்காலத்தில் ஒரு பின்னேரம். வேலையிலிருந்து வந்து அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்த சிவசக்தி பேச்சுக்குரல் கேட்டு விழித்தாள். அம்மாவின் ஜெர்மன். கூடவே இன்னொரு பெண்குரல், அலுவலகக் குரல்.

ஆயுத அலுவலகம்! சொல்லாமல்தான் வருவார்கள். சிவசக்தி எழுந்து கதவுவரை வந்தாள். கதவிடுக்கால் பார்த்தாள்.

நடைபாதையில் தேநீர்க் கோப்பையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். பெட்டகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டிருக்கிறாள். வந்தவர் கேட்டதை இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லாத அம்மா, தன் சின்னப் பெட்டகத்தை விரியத் திறந்து அட்டியலைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"மிக அழகு," என்றாள் அந்தப் பெண். "நான் கேட்டது பெரியதை. அதையும் திறப்பீர்களா?"

பழைய எண் தனக்குத் தெரிந்திருந்ததை அம்மா உளறிவிட்டால்?

"அதையா?" அம்மா சின்னதைப் படாரென்று சாத்தினாள். "அதை ஏன் என்னிடம் கேட்கிறீர்கள்? எண்ணை எனக்குச் சொல்லமாட்டாள். பெற்ற தாய் நான். பத்து மாதம் சுமந்தேன். கெஞ்சிக் கேட்டேன். முகத்தில் அடித்தாற்போல் முடியாது என்றாள். உங்கள் நாட்டில் பிள்ளைகள் இப்படித்தான் வளர்வார்களா?"

அந்தப் பெண் தேநீரை ஒரு மிடறு குடித்தாள். "உங்கள் மகள் சரியாகத்தான் செய்திருக்கிறாள்," என்றாள்.

சிவசக்தி வெளியே வந்து பெரியதைத் திறந்து காட்டினாள். எல்லாம் ஒழுங்கு. அந்தப் பெண் கோப்பையைக் காலிசெய்து, நன்றி சொல்லிப் போனாள்.

"நன்றியம்மா," என்றாள் சிவசக்தி.

"என்னத்துக்கு நன்றி? உன்னைப் பற்றிக் குறையெல்லோ சொன்னனான்," என்று அம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவக் குசினிக்குள் போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை ஒரு கல்யாணம். சேலையோடு நடைபாதைக்கு வந்து, "அம்மா, என்ரை காதுத் தோட்டை எடுத்துத் தாங்கோ," என்றாள் சிவசக்தி.

அம்மா சின்னப் பெட்டகத்தின் முன் குந்தினாள். விரலை எண்பலகையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன பாக்கிறாய்? நானும் நம்பர் மாத்திப்போட்டன். அங்காலை திரும்பு."

சிவசக்தி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். நின்றபடியே தூங்கிவிடலாம் போலிருந்தது. முதுகுக்குப் பின்னால் அம்மா ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அழுத்தத் தொடங்கினாள்.

சிவசக்தி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.